வாஷிங் மெஷின் மோட்டார் ஓடவில்லையா? காயிலில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

"மோட்டார் போய்விட்டது" என்று முடிவு கட்டப்படும் வாஷிங் மெஷின்கள் பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். மோட்டார் கிளம்பிச் சுற்ற உதவும் கண்டென்சர் வலுவிழந்திருக்கும், தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டரின் அடியில் ஏதாவது சிக்கியிருக்கும், வயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், அல்லது பிளக் பாயிண்டில் வர வேண்டிய வோல்டேஜ் வராமல் இருக்கும். குமரி மாவட்டத்தில் இதற்குக் காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. தேங்காய்ப்பட்டணம் முதல் சின்னமுட்டம் வரை கடலோரம் முழுவதும் உப்புக் காற்று வீசுகிறது. வாஷிங் மெஷினோ பெரும்பாலான வீடுகளில் பின்பக்கச் சாய்ப்பிலோ மாடிப்படியின் கீழோதான் நிற்கிறது. ஈரமும் உப்பும் முதலில் அரிப்பது வெளியே தெரியும் உலோக முனைகளைத்தான். மோட்டாருக்குள் வார்னிஷ் பூசிச் சுற்றிய கம்பியான காயிலுக்குள் அவை நுழைய நெடுநாள் ஆகும். ஆகவே சோதனையை வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். பணம் அதிகம் செலவாகும் இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. மெஷினின் வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் மெஷினுக்கு 2 ஆண்டு வாரண்டி கொடுத்தாலும் மோட்டாருக்கு மட்டும் தனியாக 10 ஆண்டு வரை கொடுக்கின்றன. அந்தக் காலத்துக்குள் இருந்தால் பின்மூடியைக் கழற்றாமல் நிறுவனத்தின் சேவை மையத்தையே அழைப்பது நல்லது. மோட்டார் இலவசமாகக் கிடைத்தாலும் வேலைக்கூலியும் வந்து போகும் செலவும் பெரும்பாலும் நம்முடையதாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடும் முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பழைய வயரிங் உள்ள வீடுகளில் சுவிட்ச் பேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பதுண்டு. அப்படியானால் சுவிட்ச் அணைந்திருந்தும் மெஷினுக்குள் மின்சாரம் நிற்கும். தண்ணீர்க் குழாயை அடைத்து, தொட்டியிலுள்ள நீரை வடித்து, தரையைத் துடைத்து உலர விட்டு, ரப்பர் செருப்பு அணிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதன் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டித் தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. அது கண்டென்சரையும் கெடுக்கும், கையையும் சுடும். ஒரு பழைய குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு வயரை இணைத்து, காப்பு உறையுள்ள பிடியால் பிடித்துக்கொண்டு, அவற்றைக் கண்டென்சரின் முனைகளில் சில விநாடிகள் வைத்தால் மின்னேற்றம் பல்பின் வழியே அமைதியாக இறங்கிவிடும். பிறகு மல்டிமீட்டரில் டி.சி. வோல்ட் வைத்துப் பார்த்துப் பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டே தொட வேண்டும்.

மெஷினின் உடலைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது என்று வீட்டில் யாராவது முன்பே சொல்லியிருந்தால், மோட்டாரைப் பார்க்கும் முன் எர்த்தைப் பாருங்கள். மூன்று முனை பிளக்கின் பெரிய முனை போய்ச் சேரும் ஓட்டைக்குப் பின்னால் பல பழைய வீடுகளில் கம்பியே இருக்காது. எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் ஈரக் கையோடு இயக்கும் கருவி இது என்பதை மறக்கக் கூடாது. அந்த இரண்டையும் சரிசெய்யாமல் மோட்டாரை மட்டும் சரிசெய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் வோல்டேஜ்

இன்டக்‌ஷன் மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால், மோட்டாரின் இழுவை ஏறத்தாழ 61 விழுக்காடாகச் சுருங்கிவிடும். அப்போது துணி நிறைந்த தொட்டியில் மோட்டார் உறுமும், சுற்றாது. அல்லது முக்கி முனகிச் சுற்றிச் சூடேறும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவாக, லைனின் கடைசிப் பகுதியில் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் மட்டும் மெஷின் மக்கர் செய்தால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

வோல்டேஜை மெஷின் நிற்கும்போது அளந்தால் போதாது. அதே சுவிட்ச் பெட்டியின் பக்கத்துச் சாக்கெட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு அளக்க வேண்டும். நிற்கும்போது 225 காட்டி, ஓடத் தொடங்கியதும் 200க்குக் கீழே சரிந்தால், வயரிங்கில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பிளக்கின் முனை கறுத்திருக்கிறதா, சாக்கெட் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷினை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டக் கூடாது; அதற்கு 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கேற்ற தடிமன் உள்ள வயரும் வேண்டும்.

உறுமுகிறது, சுற்றவில்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான் என்பதால் சற்று நிதானமாகவே பார்ப்போம். சுற்றாமல் உறுமும் மோட்டாரைச் சில விநாடிகளுக்கு மேல் அப்படியே விடக் கூடாது. ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் அப்போது காயிலில் பாயும். உள்ளே வெப்பக் காப்பு இருந்தால் அது துண்டித்துக் காப்பாற்றும். இல்லாவிட்டால் கண்டென்சரில் தொடங்கிய சிறு கோளாறு உண்மையிலேயே காயிலை எரித்து முடிக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துணி, தண்ணீர் எதுவும் இல்லாத தொட்டியில் பல்சேட்டரைக் கையால் இரு பக்கமும் சுற்றிப் பாருங்கள். பெல்ட்டையும் மோட்டாரையும் சேர்த்து இழுப்பதால் சற்றுக் கனமாக இருக்கும். ஆனால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகியிருந்தாலோ ஓரிடத்தில் உரசினாலோ, நடுவிலுள்ள ஸ்க்ரூவைக் கழற்றிப் பல்சேட்டரைத் தூக்க வேண்டும். பல ஆண்டு சோப்புப் படிவால் அது ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, ஓரத்தின் அடியில் எதிரெதிராக இரண்டு கயிறுகளை நுழைத்து நேராக மேலே இழுத்தால் உடையாமல் வரும். அடியில் நாணயம், ஊக்கு, கொண்டை ஊசி, ஜெபமாலையிலிருந்து அறுந்த மணி, தேங்காய் நார், சட்டைப் பையில் மறந்துபோன ஆணி என்று என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். பால்வெட்டுக்குப் போகிறவர்களின் துணியில் ஒட்டிய ரப்பர் பால் உறைந்து அச்சைச் சுற்றிக் கொண்டிருப்பதும் உண்டு.

கடலோர வீடுகளில் மணலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட்டோடு கார்னட்டும் கலந்திருக்கிறது. கார்னட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் அளவுக்குக் கடினமானது. துணியை உதறாமல் போட்டால் அந்த மணல் பல்சேட்டர் அச்சிலுள்ள ஆயில் சீலின் ரப்பர் உதட்டைத் தேய்த்துவிடும். சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும், அங்கிருந்து சொட்டிக் கீழேயுள்ள மோட்டாரில் விழும். மோட்டாரின் மேல்புறத்தில் வெள்ளையாகச் சோப்புத் தடமோ செம்மையாகத் துருத் தடமோ இருந்தால், அது எங்கிருந்து இறங்குகிறது என்று மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே போங்கள். சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் புதிய மோட்டாருக்கும் அதே கதிதான்.

பல்சேட்டர் தடையின்றிச் சுற்றுகிறது, பெல்ட்டும் புல்லியில் சரியாக இருக்கிறது, ஆனாலும் மின்சாரம் கொடுத்தால் உறுமல் மட்டுமே என்றால், பார்க்க வேண்டியது கண்டென்சர். இதை உறுதிசெய்ய மெக்கானிக்குகள் மின்சாரம் இருக்கும்போதே புல்லியைக் கையால் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். தள்ளிய பக்கம் ஓடினால் கண்டென்சர் கோளாறு என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பெல்ட்டில் விரல் சிக்கினால் விரல் போகும் என்பதால் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். மீட்டரே போதும்.

பின்மூடியைக் கழற்றியதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிற வயர் எங்கே இருந்தது என்ற குழப்பம் பிறகு வராது. செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் வாஷ் மோட்டாருக்கும் ஸ்பின் மோட்டாருக்கும் தனித்தனிக் கண்டென்சர் இருக்கும், அல்லது இரண்டும் ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும். வாஷ் பக்கத்துக்குப் பெரும்பாலும் 10 மைக்ரோ ஃபாரட்டை ஒட்டியும், ஸ்பின் பக்கத்துக்கு அதில் ஏறக்குறையப் பாதியளவும் அச்சிட்டிருக்கும். மின்னேற்றத்தை இறக்கி, வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் கெபாசிடன்ஸ் அளவையில் வைத்துப் பாருங்கள். அச்சிட்ட அளவிலிருந்து 5 விழுக்காடு கூடக்குறைய இருப்பது இயல்பு. 10 என்று எழுதியிருப்பது 9க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். 6, 5 என்று காட்டினால் கோளாறு அதுதான். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ அளக்கவே தேவையில்லை. புதியது அதே மைக்ரோ ஃபாரட்டிலும், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். "கொஞ்சம் பெரிசாப் போட்டா நல்லா இழுக்கும்" என்று கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள். கூடுதல் மைக்ரோ ஃபாரட், கண்டென்சரோடு இணைந்த துணைக் காயிலில் கூடுதல் மின்னோட்டத்தைப் பாய்ச்சிச் சூடாக்கும்.

ராஜாக்கமங்கலம் பக்கத்து வீடொன்றில், "மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னு சொல்லுதாவ அண்ணே, புதுசு வாங்கணுமா?" என்று அந்த வீட்டு அக்கா கேட்டபோது மெஷினின் பின்மூடியைத் திறந்தோம். கண்டென்சர் முனையில் மாட்டியிருந்த பித்தளைக் கொக்கி பச்சை மாவாகி, தொட்டதும் கையோடு வந்தது. கண்டென்சரின் அளவு சரியாக இருந்தது, காயிலும் சரியாக இருந்தது. மின்சாரம் போகும் பாதைதான் அங்கே அறுந்திருந்தது. கொக்கியை வெட்டி எறிந்து, வயரின் கறுத்த பகுதியையும் நறுக்கிவிட்டுப் புதியதை வயரோடு அழுத்திக் கிரிம்ப் செய்ததும் மோட்டார் ஓடியது. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடு என்றால், எந்தப் பாகத்தையும் விலைக்கு வாங்கும் முன் எல்லாக் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். லேசான களிம்பு என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவக் கூடாது; அவை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காயிலை அளப்பது

கண்டென்சரும் இணைப்புகளும் சரி என்றால்தான் காயிலுக்கு வர வேண்டும். வாஷ் மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வரும். அவற்றைக் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இரண்டுக்கு நடுவே அதிக ஓம் காட்டுகிறதோ அவை கண்டென்சருக்குப் போகும் முனைகள்; மிஞ்சிய வயர் பொது வயர். இரு பக்கமும் சுற்ற வேண்டிய மோட்டார் என்பதால் அதன் இரண்டு காயிலும் ஒன்று போலவே சுற்றப்பட்டிருக்கும். பொது வயரிலிருந்து ஒரு பக்கம் 20 ஓம் காட்டினால் மறுபக்கமும் 20ஐ ஒட்டியே காட்ட வேண்டும், முனைக்கு முனை 40 வர வேண்டும். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 12 என்றால் காயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஒரு பக்கம் எதுவுமே காட்டாவிட்டால் அந்தக் காயில் அறுந்திருக்கிறது. மோட்டார் சூடாக இருந்தால் மட்டும் அவசரப்படாமல், முழுவதும் ஆறிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும், ஏனெனில் வெப்பக் காப்பு துண்டித்த நிலையிலும் இதே போலத்தான் காட்டும். ஸ்பின் மோட்டார் ஒரே பக்கம் சுற்றுவது. அதன் இரு காயிலும் வேறு வேறு அளவாக இருப்பது கோளாறு அல்ல. அங்கும் கூட்டல் கணக்கு மட்டும் பொருந்த வேண்டும்.

காயிலுக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவே மின் இணைப்பு இருக்கக் கூடாது. சாதாரண மீட்டர் இதில் ஏமாற்றும்; அதன் பேட்டரி சில வோல்ட்தான், ஈரமேறிய காப்பு அந்தச் சில வோல்ட்டுக்குத் தாங்கி 230க்குத் தாங்காமல் போகலாம். காப்பைச் சோதிக்கும் மீட்டரான 500 வோல்ட் மெக்கர் வைத்திருக்கும் வைண்டிங் கடையிலோ எலக்ட்ரீஷியனிடமோ அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரை மீண்டும் மாட்டக் கூடாது. ஈரத்தால் மட்டும் குறைந்திருந்தால் சூடேற்றி உலர்த்தி வார்னிஷ் ஏற்றினால் அளவு ஏறிவிடும். கடல் நீரோ உப்பேறிய வெள்ளமோ புகுந்த மோட்டாரை உலர்த்தினால் மட்டும் போதாது, முதலில் நல்ல தண்ணீரில் உப்பை அலச வேண்டும் என்பதையும் கடையில் சொல்லிக் கொடுங்கள்; உப்பு தங்கினால் அடுத்த மழைக்காலத்தில் அதுவே ஈரத்தை இழுத்துக் கொள்ளும்.

ஒரு பக்கம் மட்டும் சுற்றினால்

வாஷ் மோட்டார் வலப்பக்கம் நன்றாகச் சுற்றி, இடப்பக்கம் திரும்பும் முறையில் பேசாமல் நின்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டாம். எந்தப் பக்கம் சுற்றினாலும் இரண்டு காயிலும் கண்டென்சரும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. ஒரு பக்கம் சரியாக ஓடுவதே அவை மூன்றும் நன்றாக இருப்பதற்குச் சான்று. டைமருக்குள் இருக்கும் கான்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது டைமரிலிருந்து வரும் இரு வயர்களில் ஒன்று விட்டிருக்கும். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் டைமரின் வேலையை மின்னணு போர்டு செய்கிறது என்பதால் அங்கே சந்தேகம் போர்டின் மீது விழும்.

ஸ்பின் சுற்றாவிட்டால்

மூடியின் சுவிட்சும் பிரேக் வயரும்தான் முதல் இரண்டு இடங்கள். மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்கவும் மூடினால் விடவும் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. அது நீண்டுபோனாலோ, பிரேக் கட்டை துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொண்டாலோ, மூடி அடைத்திருந்தும் பிரேக் விடாது. மோட்டார் உறுமி உறுமிச் சூடேறும். பிளக்கைப் பிடுங்கி, மூடியை அடைத்து, கீழே பிரேக் கட்டை விலகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்பின் தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் சீல் கிழிந்தால் தண்ணீர் நேராக ஸ்பின் மோட்டாரின் தலையில்தான் சொட்டும். அதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர், ஃப்ரண்ட் லோடு

இவற்றில் ஓட்டும் கண்டென்சர் கிடையாது. இன்வெர்ட்டர் மோட்டாரில் மூன்று முனைகள் உண்டு. எந்த இரண்டை எடுத்து அளந்தாலும் ஒரே ஓம் வர வேண்டும். வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியவை மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் ஹால் சென்சரும் அதன் கனெக்டரும். எல்.ஜி. மெஷின்களில் வரும் எல்.இ. குறி மோட்டார் சுற்ற முடியாமல் நிற்பதைச் சொல்கிறது; மோட்டார் எரிந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. துணியை அளவுக்கு மீறித் திணித்தாலும் வரும், சென்சர் வயர் விட்டாலும் வரும். எலி கடித்த வயராலும் இது நேர்வதுண்டு; அடிப்பக்கம் திறந்த மெஷினுக்கு எலி புகாத கம்பி வலை அடித்துவிடுவது செலவு குறைந்த பாதுகாப்பு.

பழைய ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் இருக்கும். டிரம் சில நாள் விட்டுவிட்டு ஓடி, பிறகு உறுமல்கூட இல்லாமல் நின்றால் பிரஷ் தேய்ந்திருக்கக் கூடும். இரண்டையும் கழற்றிப் புதியதோடு ஒப்பிட்டு, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

போர்டைப் பொறுத்தவரை வீட்டில் செய்யக்கூடியது குறைவு. ஆனால் காப்பாற்ற முடியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மின்னலுக்குத் தடையாகாது.

ரீவைண்டிங்கா, புது மோட்டாரா

காயில் எரிந்தது என்று அளவே சொன்ன பிறகு வரும் கேள்வி இது. விலை குறைந்த மோட்டார்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியக் கம்பி. அவற்றை நல்ல கடையில் செம்புக் கம்பியில் சுற்றினால் பழையதைவிட நன்றாகவே உழைக்கும் என்பது என் கருத்து. ஆனால் ரோட்டரின் அச்சு தேய்ந்து ஆடினால் சுற்றிப் பயனில்லை. புது மோட்டாரே வாங்கிவிடலாம். ரீவைண்டிங் கொடுக்கும்போது எந்தக் கம்பி, வார்னிஷ் போட்டுச் சூளையில் உலர்த்துகிறார்களா, பேரிங்கோ புஷ்ஷோ மாற்றுகிறார்களா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். மோட்டார் திரும்பி வந்ததும் மேலே சொன்ன ஓம் கணக்கையும் மெக்கர் அளவையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

மாட்டிய பின் முதல் ஓட்டத்தைத் துணி இல்லாமல், பாதித் தொட்டித் தண்ணீரில் விடுங்கள். கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் பேஸ் வயரில் மாட்டி, மோட்டாரின் லேபிளில் எழுதிய ஆம்பியரைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். ஐந்து நிமிடம் ஓடியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் உடலில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு அவ்வளவு சீக்கிரம் ஏறக் கூடாது. பெல்ட்டை இரு புல்லிகளுக்கு நடுவே விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்வாங்க வேண்டும். அதைவிட இறுகியிருந்தால் பேரிங் தேயும், தளர்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும். புதிய பெல்ட் முதல் சில ஓட்டங்களில் சற்று நீளும் என்பதால், ஒரு வாரம் கழித்துப் பின்மூடியைத் திறந்து மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை இன்னொரு முறை இழுத்து வையுங்கள்.